டிஜி-7 போதுமா, மிரர்லெஸ் வேண்டுமா? கடலுக்குள் கொண்டுபோகும் கேமராவும் அதன் ஹவுசிங்கும்

தரையில் படம் எடுப்பவர் முதலில் கேமராவை வாங்குவார். பிறகு லென்ஸ், பை, ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். கடலுக்குள் படம் எடுக்க நினைப்பவரும் அதே வரிசையில் போனால் பணம் வீணாகும். கேமராவைத் தண்ணீர் படாமல் மூடும் பெட்டிதான் ஹவுசிங். அது பெரும்பாலும் ஒரே ஒரு கேமரா மாடலுக்கென்று வார்க்கப்படுவது. கேமராவின் ஒவ்வொரு பட்டனுக்கும் நேர் எதிரே ஹவுசிங்கில் ஒரு தண்டு இருக்கும். அடுத்த மாடலில் கம்பெனி பட்டனைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே பழைய ஹவுசிங் பொருந்தாது. சில வருடம் கழித்துக் கேமரா பழுதாகி, அந்த மாடலும் கிடைக்காமல் போனால், கையில் மிஞ்சுவது விலையுயர்ந்த காலிப் பெட்டி. ஆகவே எவ்வளவு ஆழம், எப்படிப்பட்ட தண்ணீர், எந்த அளவு உயிரினம் என்ற மூன்றையும் முதலில் முடிவுசெய்யுங்கள். அதற்கேற்ற ஹவுசிங்கைத் தேடுங்கள். கேமரா அதற்குப் பின்னால் வரட்டும்.

எங்கள் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். புதுச்சேரி, அந்தமான், நேத்ராணித் தீவு, திருகோணமலை என்று வருடத்தில் சில முறை டைவ் போகிறவருக்கு டிஜி-7 என்ற சின்ன காம்பாக்ட் கேமரா, அதன் ஹவுசிங், ஒரு நல்ல ஸ்ட்ரோப் (ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் தனி ஃபிளாஷ்), இந்த மூன்றும் போதும். ஸ்ட்ரோப் வாங்கக் காசு மிஞ்சாதபடி லென்ஸ் மாற்றிப் போடும் மிரர்லெஸ் கேமராவில் இறங்குவது தப்பான செலவு. யாருக்கு இது பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறோம்.

முதலில் கழித்துவிட வேண்டியவை

பை மாதிரி இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளை நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஆழம் போனாலே அழுத்தத்தில் பை கேமராவோடு ஒட்டிக்கொள்ளும், பட்டன்கள் தாமாக அமுங்கும்.

போனின் ஐபி68 தரச் சான்றும் டைவிங்குக்கு உதவாது. அது நல்ல தண்ணீரில், குறைந்த ஆழத்தில், குறிப்பிட்ட நேரத்துக்குச் செய்யும் சோதனை. போனுக்கென்றே வரும் கெட்டியான ஹவுசிங்குகள் உண்டு. சீலைஃப் ஸ்போர்ட்டைவர் 40 மீட்டர்வரை தாங்கும். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது என்பதால் ஹவுசிங்கின் பட்டன்கள் ப்ளூடூத் மூலம் போனை இயக்கும். ஆனால் ஸ்ட்ரோபோடு அதை இணைக்க முடியாது, வீடியோ லைட்டை நம்பித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. வங்கிக் கணக்கு, விமான டிக்கெட், வீட்டாரோடு பேச இருக்கும் ஒரே வழி எல்லாம் அந்தப் போனில்தான். தீவில் இருக்கும்போது அது உப்புத் தண்ணீரில் நனைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ மட்டும் போதும் என்பவர் ஆக்‌ஷன் கேமராவோடு நிறுத்திக்கொள்ளலாம். கோப்ரோ ஹீரோ 12 வெறும் உடம்போடு 10 மீட்டர், அதன் ஹவுசிங்கோடு 60 மீட்டர் தாங்கும். இரு கைப்பிடி வைத்த டிரே ஒன்றும் இரண்டு வீடியோ லைட்டும் வாங்கினால் ஆட்டமில்லாத காட்சி கிடைக்கும். லைட் இல்லாதவர் நீலத் தண்ணீரில் 3 முதல் 15 மீட்டர் வரை சிவப்பு ஃபில்டர் போடலாம். அதற்கும் கீழே திரும்பக் கொண்டுவரச் சிவப்பே மிச்சமிருக்காது, ஃபில்டர் காட்சியை இருட்டாக்குவதோடு சரி. ஆக்‌ஷன் கேமராவின் ஃபோகஸ் நிலையானது. சுமார் 30 செ.மீ.க்குள் வரும் எதுவும் மங்கலாகும் என்பதால் சின்ன உயிரினங்களுக்கு இது ஆகாது.

ஆழக் கணக்கு

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பார் அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ) கூடும். தொடக்கநிலை ஓபன் வாட்டர் சான்றிதழோடு 18 மீட்டர், அடுத்த நிலையான அட்வான்ஸ்டுக்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40. பாலிகார்பனேட் ஹவுசிங்குகள் 40 முதல் 60 மீட்டர் வரையும், அலுமினிய ஹவுசிங்குகள் பெரும்பாலும் 100 மீட்டர் வரையும் தாங்கும். ஆக, பெரும்பாலானவர்களுக்கு ஆழம் ஒரு பிரச்சினையே இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பலை மட்டக்களப்புக்கு வெளியே படமெடுக்கப் போகிறவருக்குக் கதை வேறு. அங்கே தரை 50 மீட்டருக்கும் கீழே. அந்த வகை டைவிங்குக்குப் பயிற்சி பெற்றவர் 40 மீட்டர் ஹவுசிங்கைத் தொடவே கூடாது.

ஆனால் ஹவுசிங் ஒழுகுவது பெரும்பாலும் ஆழத்தில் இல்லை, மேலே முதல் ஓரிரு மீட்டரில்தான். 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள பின்கதவை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ என்று கதவின்மேல் மொத்தம் 450 கிலோ அழுத்தம். அந்தப் பாரமே கதவை ஓ ரிங்கோடு (தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையம்) சேர்த்து இறுக்கிவிடும். படகருகே மிதக்கும்போது கதவைப் பிடித்திருப்பது தாழ்ப்பாள் மட்டுமே. ஒரு தலைமுடி ரிங்கின் குறுக்கே கிடந்தால் தண்ணீர் உள்ளே நுழைவது அப்போதுதான்.

டிஜி-7: இரண்டு சுவர்

ஓஎம் சிஸ்டம் 2023-ல் கொண்டுவந்த டிஜி-7 தனியாகவே 15 மீட்டர் தாங்கும். டிஜி-6, டிஜி-7 இரண்டுக்கும் பொருந்தும் பிடி-059 ஹவுசிங் 45 மீட்டர் தாங்கும். இந்த இரட்டைக் காப்புதான் புதியவருக்கு இதன் முதல் லாபம். 8 மீட்டரில் ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுந்தாலும், பேட்டரி மூடியும் கேபிள் மூடியும் சரியாகப் பூட்டியிருந்தால் கேமரா பிழைக்கும். மிரர்லெஸ்ஸில் அதே நிலைமை வந்தால் பாடியும் லென்ஸும் அன்றோடு போச்சு.

இரண்டாவது லாபம் மைக்ராஸ்கோப் மோடு. லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருப்பதையும் இது ஃபோகஸ் செய்யும். கடல் அனிமோனின் அடியில் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் கோமாளி மீன் முட்டைகளை வெறும் கண்ணால் பார்த்தால் ஆரஞ்சுத் திட்டாகத் தெரியும். பொரிக்கும் நாள் நெருங்கிய கூட்டமாக இருந்தால், இந்தக் கேமராவில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் எட்டிப் பார்ப்பது தெரியும். மிரர்லெஸ்ஸில் இதே படத்துக்குத் சின்னதைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் தனி மேக்ரோ லென்ஸ், அதற்கான போர்ட் (ஹவுசிங்கின் முன்னால் லென்ஸுக்கு எதிரே வரும் கண்ணாடி), பெரும்பாலும் ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் ஒரு க்ளோசப் வெட் லென்ஸும் வேண்டும்.

குறைகளும் சின்னவை அல்ல. சென்சார் சிறியது, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 800 தாண்டினால் படம் புள்ளி புள்ளியாகும். முழு மேனுவல் மோடு கிடையாது, படத்தின் வெளிச்ச அளவை மாற்றும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டிக் குறைத்துத்தான் பின்னணி நீலத்தைச் சரிசெய்ய வேண்டும். திருக்கைக் கூட்டம், திமிங்கலச் சுறா, பெரிய பவளப்பாறைச் சுவர் என்று அகன்ற காட்சிகளைத் தேடிப் போகிறவரை இது ஏமாற்றும். வைட் வெட் லென்ஸ் மாட்டினால் ஓரளவு சமாளிக்கலாம்.

பாலிகார்பனேட்டில் மிரர்லெஸ்

சோனி ஏ6400 போன்ற ஏபிஎஸ்-சி கேமராவை சீஃப்ராக்ஸ் அல்லது ஐகிலைட் ஹவுசிங்கில் போடுவது நடுவழி. சென்சார் பெரிது, ரா ஃபைலில் நிறத்தை மீட்க நிறைய இடம் உண்டு, மேனுவல் மோடு உண்டு. பின்கதவு ஒளி ஊடுருவுவதாக இருந்தால் ஓ ரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம், உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் கண்ணில் படும். நாங்கள் பிளாஸ்டிக்கை மதிப்பது இதற்காகத்தான்.

விளம்பரத்தில் தெரியாத செலவுகள் பிறகு வரும். கேமராவோடு வரும் கிட் லென்ஸும் சாதா ஃப்ளாட் (தட்டை) போர்ட்டும் மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் டிஜி-7 தருவதைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. பலன் வேண்டுமென்றால் வைட் லென்ஸ், குவிந்த டோம் போர்ட், மேக்ரோ லென்ஸ், அதற்கொரு ஃப்ளாட் போர்ட் என்று எல்லாம் வாங்கியாக வேண்டும். தண்ணீருக்குள் லென்ஸ் மாற்ற முடியாது. மேக்ரோவோடு இறங்கிய அன்றைக்குத்தான் தலைக்கு மேலே ஆமை போகும்.

ஃபிளாஷ் விஷயத்தில் தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். ஏ6400-ல் உள்ளேயே ஒரு ஃபிளாஷ் உண்டு. அதன் வெளிச்சம் ஃபைபர் கேபிள் வழியாகப் போய் ஸ்ட்ரோபை இயக்கும். ஏ6600, ஏ6700 இரண்டிலும் ஃபிளாஷே இல்லை. கேமராவின் தலையில் உள்ள ஹாட் ஷூவில் மாட்டி ஸ்ட்ரோபை இயக்கும் எல்இடி டிரிகர் தனியாக வாங்க வேண்டும், ஹவுசிங்குக்குள் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேமரா புதியது, விலை அதிகம் என்பதால் கடலுக்கு ஏற்றது என்று எண்ணிவிடாதீர்கள்.

பெட்டி பெரிது என்பதால் உள்ளே காற்றும் அதிகம், ஆகவே மேலே மிதக்கப் பார்க்கும். டிரேயில் எடை கட்டாவிட்டால் ஒரு டைவ் முழுக்க மணிக்கட்டு வலிக்கும். ஆழத்தில் பிளாஸ்டிக் லேசாக வளைவதால் சில பட்டன்கள் அமுங்கியபடியே நிற்பதும் உண்டு. கொஞ்சம் மேலே வந்தால் விடுபடும்.

அலுமினியம் யாருக்கு

நாட்டிகாம், ஐசோட்டா, அக்குவாட்டிகா போன்றவை அலுமினியக் கட்டியைக் கடைந்தோ வார்த்தோ செய்பவை. விலை உள்ளே இருக்கும் கேமராவை எட்டும், பல சமயம் தாண்டும். அதற்குப் பதிலாகக் கையுறை போட்ட விரலுக்கும் எட்டும் நெம்புகோல்கள், கட்டைவிரலை நகர்த்தாமலே அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) மாற்றும் வசதி, வெப்பத்தை வெளியே கடத்துவதால் போர்ட்டின் உள்ளே ஆவி குறைவாகப் படிவது எல்லாம் கிடைக்கும். வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பவர், படத்தை விற்றுச் சம்பாதிப்பவர், 40 மீட்டருக்குக் கீழே போகிறவர், இந்த மூவருக்கும் அலுமினியம்தான் சரி. மற்றவர்களுக்கு அதன் எடை விமான நிலையத்திலேயே தலைவலி. மேல்பூச்சு சுரண்டப்பட்ட இடத்தில் உப்பு அரிக்கும் என்பதால் பராமரிப்பிலும் சோம்பல் கூடாது.

ஃப்ளாட்டா, டோமா

படத்தின் தரத்தில் பாதியை முடிவுசெய்வது ஹவுசிங்கின் முன்னால் இருக்கும் கண்ணாடிதான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டையான கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பார்வைக் கோணம் சுருங்கும். டிஜி-7 ஜூமின் மிக அகன்ற 25 மி.மீ. முனை காற்றில் சுமார் 82 பாகை காட்டும், ஃப்ளாட் போர்ட்டுக்குப் பின்னால் அது சுமார் 59 பாகைதான். மேக்ரோவுக்கு இந்தப் பெருக்கம் நல்லது. பவளத் திட்டு முழுவதையும் எடுக்க வேண்டுமென்றால் பின்னால் நகர வேண்டும். நகர நகர இடையில் தண்ணீர் கூடும், கலங்கல் கூடும், நிறம் போகும்.

டோம் போர்ட் அந்தக் கோணத்தை அப்படியே திருப்பித் தரும். ஆனால் அதுவே ஒரு லென்ஸாக வேலை செய்து, வெகு தொலைவில் இருக்கும் பொருளின் மாயபிம்பத்தைத் தன் மேற்பரப்பிலிருந்து ஆரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்திலேயே காட்டும். 8 செ.மீ. ஆரமுள்ள டோமென்றால் கடலின் அடிவானமே 24 செ.மீ.க்குள் வந்துவிடுகிறது. கிட்டே ஃபோகஸ் ஆகாத லென்ஸை டோமுக்குப் பின்னால் வைத்தால் எதுவும் தெளியாது. சிறிய டோமில் சாதா வைட் லென்ஸின் ஓரங்கள் குழையும், அப்பர்ச்சரை எஃப் 8-க்கும் மேலே ஏற்றிச் சுருக்கினால்தான் கொஞ்சம் தெளியும். மிக அகன்று வளைந்த காட்சி தரும் பிஷ்-ஐ லென்ஸ் மட்டும் சிறிய டோமோடு ஒத்துப்போகும். பாதி வானம், பாதி கடல் என்று பிரித்து எடுக்க ஆசைப்படுபவருக்கு 8 அங்குல டோம் வேண்டும். அக்ரிலிக் டோமில் சீக்கிரம் கீறல் விழும், ஆனால் தேய்த்து மெருகேற்றலாம். கண்ணாடியில் கீறல் அரிது, விழுந்தால் போக்க வழியில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே வெட் லென்ஸ் இருக்கிறது. ஹவுசிங்குக்கு வெளியே, தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றலாம். 67 மி.மீ. திருகு மரை பரவலாகக் கிடைக்கிறது, உங்கள் ஹவுசிங் வேறு அளவென்றால் அடாப்டர் வளையம் உண்டு. ஒரே டைவில் முட்டையையும் எடுத்து ஆமையையும் எடுக்க இதுதான் வழி. மாட்டியதும் லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் இடையே காற்றுக் குமிழி சிக்கியிருக்கும். லேசாகத் தளர்த்தி, ஆட்டி, குமிழியை வெளியேற்றிவிட்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் எல்லாப் படத்திலும் ஒரு மூலை மங்கலாக இருக்கும், காரணம் புரியாமல் ஒரு நாள் போய்விடும்.

வெளிச்சத்துக்குப் பணம் ஒதுக்குங்கள்

ஐந்தாறு மீட்டரிலேயே சிவப்பு பெரும்பகுதி போய்விடும். சிங்கமீனின் செம்பழுப்புக் கோடுகள் சாம்பலாகத் தெரியும். எந்த சென்சாராலும் அங்கே இல்லாத சிவப்பைப் பிடிக்க முடியாது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது ஸ்ட்ரோப்.

கேமராவின் சொந்த ஃபிளாஷை மட்டும் நம்ப முடியாது. பாதியை போர்ட் மறைக்கும். மீதி லென்ஸின் திசையிலேயே போய், இடையில் மிதக்கும் துகள்களை வெள்ளைப் புள்ளிகளாக எரியவைக்கும். மிதவை உயிரிகள் நிறைந்த புதுச்சேரித் தண்ணீரில் இது பனிப்பொழிவு மாதிரி ஆகிவிடும். ஸ்ட்ரோபை ஆர்மில் (டிரேயிலிருந்து நீளும் கை) மாட்டி, போர்ட்டின் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில், லேசாக வெளிப்புறம் பார்க்கும்படி வையுங்கள். வெளிச்சக் கூம்பின் ஓரம் மட்டும் பொருளைத் தொட வேண்டும். மேக்ரோவுக்குப் போர்ட்டை ஒட்டியே கொண்டுவரலாம். ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் எதையும் ஸ்ட்ரோப் காப்பாற்றாது.

படம் கறுப்பாகவே வந்தால் முதலில் ஸ்ட்ரோபின் முன்-ஃபிளாஷ் அமைப்பைப் பாருங்கள். கேமரா ஒரு சின்ன முன்-ஃபிளாஷும் பிறகு முக்கிய ஃபிளாஷும் அடிக்கும். முன்-ஃபிளாஷைத் தவிர்க்கும்படி ஸ்ட்ரோபில் சொல்லாவிட்டால் அது முன்-ஃபிளாஷோடு சேர்ந்து முன்பே அடித்துத் தீர்ந்துவிடும்.

அடைப்பதும் திறப்பதும்

எந்த ஹவுசிங் வாங்கினாலும் அதன் ஆயுள் இந்த வேலையில்தான் இருக்கிறது. முதல் நாள் இரவே, ஏசி அறையில் அடையுங்கள். காரணம் எளிது. 32 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில் மூடினால் உள்ளே மாட்டிய காற்று 28 டிகிரியிலேயே பனிக்கும். கடல் 27 டிகிரி இருந்தாலே போர்ட்டின் உள்பக்கம் ஆவி படியும். 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் மூடினால் 13 டிகிரிக்கு இறங்கினால்தான் பனிக்கும். நம் கடலில் அது நடக்காது. கூடவே ஒன்றிரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள், ஆனால் ரிங் பக்கம் நழுவாத இடத்தில்.

ஓ ரிங்கைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுங்கள், குண்டூசி வேண்டாம். விரல்களுக்கு நடுவே ஒரு சுற்று இழுத்தால் மணல் துகள் நெருடும். பள்ளத்தையும் எதிர்ப்பக்கத் தளத்தையும் நூல் பிரியாத துணியால் துடையுங்கள். தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம், அதன் இழையே ஒழுக்குக்குக் காரணமாகும். ஹவுசிங் கம்பெனி தரும் கிரீஸை மட்டும், ரிங் முழுவதற்கும் ஓர் அரிசி அளவு எடுத்து, மினுமினுப்பு வரும் வரை தடவுங்கள். தண்ணீரை அடைப்பது ரப்பர்தான், கிரீஸ் அது வழுக்கி உட்கார உதவுவது. அதிகம் பூசினால் தூசிக்கு ஒட்டுத்தாள் வைத்தது மாதிரி. தவறான கிரீஸ் சிலிகான் ரிங்கை ஊதவைத்துவிடும்.

கேமராவில் பேட்டரி முழுதாக இருக்கட்டும், கார்டு காலியாக இருக்கட்டும். கழுத்துப் பட்டையை வளையத்தோடு கழற்றுங்கள், கதவிடுக்கில் மாட்டுவதில் அதுதான் முதலிடம். ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) உதவி விளக்கை அணையுங்கள், அது உள்ளேயே பட்டுத் திரும்பும். லென்ஸ் மூடியைப் பாருங்கள். மூடிய பிறகு எல்லாப் பட்டனையும் ஒரு முறை அழுத்தி, ஸ்ட்ரோபோடு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

உங்கள் ஹவுசிங்கில் வாக்குவம் வால்வு பொருத்த முடியுமென்றால் தயங்காமல் வாங்குங்கள். கைப்பம்பால் கொஞ்சம் காற்றை உறிஞ்சினால் விளக்கு பச்சையாகும். அரை மணி கழித்தும் பச்சை என்றால் ஒழுக்கு இல்லை. உள்ளே 0.2 பார் குறைந்தாலே மேலே சொன்ன கதவின்மேல் 30 கிலோ இறுக்கம் தரையிலேயே வந்துவிடும். மிக ஆபத்தான முதல் மீட்டரில் கதவை இறுக்கிப் பிடிக்கப்போவது அதுதான். வெயிலில் வைத்தால் உள்காற்று சூடேறி விளக்கு நிறம் மாறலாம், நிழலில் ஈரத்துணிக்கு அடியில் வையுங்கள்.

புது ஹவுசிங்கை முதலில் கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பரும் ஓர் ஈயக்கட்டியும் போட்டு ஒரு டைவ் கொண்டுபோங்கள். அதன் பிறகும் கேமராவோடு படகிலிருந்து குதிக்க வேண்டாம், தண்ணீரில் இறங்கிய பிறகு படகுக்காரர் கையால் வாங்குங்கள். ஒரு மீட்டரில் நின்று குமிழி வருகிறதா, உள்ளே சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகினால் போர்ட்டைக் கீழே பார்க்கும்படி திருப்பி, வழக்கமான வேகத்தில் மேலே வாருங்கள். கேமராவுக்காக அவசரமாக ஏறுவது உயிருக்கு ஆபத்து. மேலே வந்ததும் ஆன் செய்து பார்க்காமல் பேட்டரியைக் கழற்றுங்கள்.

டைவ் முடிந்ததும் உப்பு காயும் முன்பே நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, ஒவ்வொரு பட்டனையும் தண்ணீருக்குள்ளேயே அழுத்துங்கள். பட்டன் தண்டின் சின்ன ரிங்குகளை அறுப்பது அங்கே காய்ந்த உப்புத்தான். திறக்கும் முன் உங்கள் தலைமுடியையும் துவட்டிக்கொள்ளுங்கள்.

பழையது வாங்கினால்

ஹவுசிங்கைப் பழையதாக வாங்குவது புத்திசாலித்தனமே, அதற்குரிய கேமரா மாடல் இன்னும் சந்தையில் கிடைக்கும்வரை. முடிந்தால் மாற்றாக இன்னொரு பாடியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ரிங் உட்காரும் பள்ளத்தில் நகத்தை ஓட்டிக் கீறல் பாருங்கள், அங்கே கீறல் என்றால் வேண்டாம். பாலிகார்பனேட்டில் தாழ்ப்பாள், திருகு ஓரங்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மயிரிழை விரிசல் தேடுங்கள். கொசுவிரட்டிக் களிம்பும் சில சன்ஸ்கிரீன்களும் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்னும். மெயின் ரிங்கையும் பட்டன் ரிங்குகளையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். காலி ஹவுசிங்கை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.